‘தொடரும்’ போட்ட துப்பாக்கிச் சூடு

1980 மார்ச் 21 அன்று ‘டல்லாஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஜே.ஆர். சுடப்பட்டார். சுட்டது யார் என்று சொல்ல நவம்பர் 21 வரை இழுத்தடித்தார்கள். நடுவில் அந்தக் கேள்வி பனியன்களில்கூட அச்சாகி விற்றது. தொடர்கதைக்காரர்களின் பழைய வித்தைதான். சேலம்-நாமக்கல் சமவெளி அதை 13 வருஷம் முன்பே பார்த்துவிட்டது. அதில் குண்டு மட்டும் நிஜம்.

1967 ஜனவரி 12 மாலை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார் எம்.ஆர்.ராதா. மறுநாள் ‘தாய்க்குத் தலைமகன்’ வெளியானது. “ராதா வாத்தியாரச் சுட்டுப்போட்டானாமா” என்றுதான் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொல்லுவார்கள். ‘யார்’ என்பதில் மர்மமே இல்லை. தொங்கிக்கொண்டிருந்தவை வேறு இரண்டு: பிழைப்பாரா? எதுக்குச் சுட்டான்?

முதல் கேள்வி பிப்ரவரித் தேர்தலுக்குள் சுவரொட்டியாகிவிட்டது. கழுத்துக் கட்டோடு படுத்திருந்தவர் பரங்கிமலையில் ஜெயித்தார். மார்ச் 6 அன்று அண்ணா முதல்வரானார். குண்டுதான் ஆட்சியைப் பிடித்தது என்பது சோம்பேறி வாசிப்பு. 1965 இந்தி எதிர்ப்பும் அரிசித் தட்டுப்பாடும் எங்கே போயின? ஆனால் சிதறிக்கிடந்த அந்தக் கோபங்களுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கட்டுப்போட்ட முகம் அதற்குப் பொருந்திற்று.

இரண்டாவது கேள்வியில்தான் எனக்கு மனத்தாங்கல். எம்.ஜி.ஆர்.தான் முதலில் சுட்டார் என்ற ராதாவின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. நவம்பரில் ஏழாண்டு தண்டனை. ஜனங்கள் அதற்கு முன்பே தீர்ப்பெழுதியிருந்தார்கள்: “அவன் வில்லன்ல, சுடாம என்ன பண்ணுவான்?” முந்தைய மாதம்தான் இருவரும் நடித்த ‘பெற்றால்தான் பிள்ளையா’ வந்திருந்தது. திரைப் பிம்பம் சாட்சிக் கூண்டேறியது. வரலாறு வெளியே நின்றது.

அந்த வரலாறு சேலத்திலேயே கிடக்கிறது. நீதிக்கட்சி திராவிடர் கழகமானது 1944 ஆகஸ்டில் இங்கேதான். 1949இல் அது உடைந்தபோது ராதா பெரியாரோடு நின்றார், எம்.ஜி.ஆர். பின்னர் அண்ணாவிடம் போனார். 1967இல் பெரியார் காமராஜர் பக்கம். ஏற்காடு சாலை மாடர்ன் தியேட்டர்ஸில் இருவருமே அரிதாரம் பூசியவர்கள்: ராதா ‘சந்தனத்தேவன்’ (1939), எம்.ஜி.ஆர். ‘மந்திரி குமாரி’ (1950). ஒரே வீட்டுப் பங்காளிச் சண்டை என்றும் இந்தக் குண்டை வாசிக்கலாம். அதுதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. கேட்கவே விடாமல் செய்துவிட்டது வில்லன் என்ற ஒற்றைச் சொல். நாடகத்துக்காக அரசாங்கமே 1954இல் சட்டம் கொண்டுவருமளவுக்கு மிரட்டிய கலைஞன், வெறும் துப்பாக்கிக்காரனாகச் சுருங்கிப்போனான்.

செப்டம்பரில் ‘காவல்காரன்’ வந்தது. வாத்தியாரின் குரல் உடைந்திருந்தது. கொட்டகையில் யாரும் எழுந்து போகவில்லை.

ராதா 1971இல் வெளியே வந்து மறுபடி மேடையேறினார். 1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் இறந்தார். அப்போது எம்.ஜி.ஆர். முதலமைச்சர். அப்புறமும் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் ‘ரத்தக்கண்ணீர்’ வசன கேசட் ஓடும். அவனைத் திட்டிய அதே பெரியவர்கள், பீடியைக் கீழே வைத்துவிட்டு, விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.