பாண்டி போறீங்களா? அரிக்கமேட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க!

பாண்டின்னா ஒயிட் டவுன், பீச் ரோடு, மஞ்சள் சுவர் முன்னாடி செல்ஃபி... அவ்வளவுதானா? 1761-ல் ஆங்கிலேயர்கள் இந்த நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நீங்கள் ரசிக்கிற பிரெஞ்சு வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு கட்டியவை. ஆனால், சுமார் 4 கி.மீ தெற்கே 2,000 வருஷப் பழைமையான துறைமுகமே மண்ணுக்குள் இருக்கு!

முதலில் மியூசியம்: பாரதி பூங்கா பக்கத்தில்தான் இருக்கு. அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மதுச்சாடித் துண்டுகள், கல்மணிகள், கண்ணாடி மணிகளை இங்கே பார்த்துட்டுக் கிளம்புங்க.

எப்படிப் போவது? கடலூர் ரூட் பஸ்ஸில் ஏறி, தவளக்குப்பத்துக்கு முன்னாடியே அரியாங்குப்பத்தில் இறங்கி, ஆட்டோ பிடிங்க.

என்ன தெரியும்? ஆற்றங்கரை, தோப்பு, சில செங்கல் சுவர்கள். அந்தச் சுவர்களை ரோமானியர் கட்டியதுன்னு ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. அவை 18-ம் நூற்றாண்டு பிரெஞ்சு மிஷன் கட்டடத்தின் மிச்சம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டன.

முக்கியமா ஒண்ணு: தரையில் மணியோ பானை ஓடோ கண்ணில் பட்டால் பாக்கெட்டில் போடாதீங்க. இத்தாலியில் செய்த பானை ஓடுகளின் காலம் தெரிந்ததால்தான், அதே மண் அடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளின் வயதை வீலர் கணித்தார். கிடந்த இடத்தில் இருந்தால்தான் அது வரலாறு. உங்கள் அலமாரிக்கு வந்துட்டா வெறும் பாசிமணி. போட்டோ மட்டும் எடுத்துட்டு வாங்க!