வணிகச் சின்ன வழக்குகளும் பொய் விளம்பரத் தடையும் (இந்தியா)

பிறர் நிறுவனத்தின் பெயரைப் போலி செய்வது, தன் சரக்கை இல்லாததைச் சொல்லி உயர்த்துவது, போட்டியாளரின் சரக்கை மட்டம்தட்டி விளம்பரம் செய்வது ஆகியவற்றின் பேரில் வியாபார நிறுவனங்கள் ஒன்றன்மேல் ஒன்று தொடுக்கும் வழக்குகள் இவை. இந்தியாவில் இவற்றுக்கான முதன்மைச் சட்டம், 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கும் 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம். வாதியும் பிரதிவாதியும் வியாபாரிகள்தான். ஆனால் தீர்ப்பு பெரும்பாலும் நீதிமன்றத்துக்கே வராத ஒரு மூன்றாம் ஆளைச் சுற்றி அமைகிறது. கடைக்கு வந்து, அரைகுறை ஞாபகத்தில் பெயரைச் சொல்லிச் சாமான் கேட்கும் வாடிக்கையாளரே அந்த ஆள்.

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயில் எதிரே, மாலையில் சில மணி நேரம் மட்டும் திறந்திருக்கும் இருட்டுக்கடையின் அல்வா இத்துறையின் முக்கியத் தீர்ப்பு ஒன்றுக்குக் காரணமானது. 'ராஜா இருட்டுக்கடை அல்வா' என்ற பெயரில் வேறொருவர் வியாபாரம் செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இரு தரப்பிடமும் பதிவுச் சான்று இருந்தது. பதிவுபெற்ற ஒருவர், பதிவுபெற்ற இன்னொருவர்மேல் வணிகச் சின்ன மீறல் வழக்குப் போட முடியாது. ஆனால் தன் சரக்கை இன்னொருவர் சரக்காகக் காட்டி விற்பது தனிக் குற்றச்சாட்டு. வக்கீல்கள் இதை 'பாசிங் ஆஃப்' என்பார்கள். பெயரை முதலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரின் உரிமை பதிவு உரிமையைவிட மேலானது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பொருள் ஒன்று, பெயர் ஏறத்தாழ ஒன்று, விற்கும் வட்டாரமும் ஒன்று. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அரைக் கிலோ கட்டச் சொல்பவர், முன்னால் ஒட்டியிருக்கும் 'ராஜா'வைக் கவனித்து விலகிப்போவார் என்று எதிர்பார்க்க முடியாது.

எல்லாச் சொல்லையும் இப்படிச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. ஐ.டி.சி. நிறுவனம் 2010இல் கொண்டுவந்த இப்பீ நூடுல்ஸின் ஒரு வகைக்கு 'மேஜிக் மசாலா' என்று பெயர். பின்னர் நெஸ்லே தன் மேகியில் 'மேஜிக்கல் மசாலா' என்ற வகையை இறக்கியது. ஐ.டி.சி. 2013இல் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூனில் தள்ளுபடி செய்தது. 'மேஜிக்' என்பது சரக்கைப் புகழும் சொல். 'மசாலா' எல்லோருக்கும் பொதுவானது. இரண்டையும் சேர்த்து ஒருவரே வளைத்துப்போட முடியாது என்பது அதன் முடிவு. சரியான முடிவுதான். வாங்குபவர் இப்பீ என்றோ மேகி என்றோதான் கேட்கிறார்.

மருந்துக்கு அளவுகோல் இன்னும் கடுமையானது. மூளை மலேரியாவுக்கான 'பால்சிகோ', 'பால்சிடாப்' ஆகிய இரு மருந்துகளின் பெயர்கள் பற்றிய, காடிலா மருந்து நிறுவனங்களின் வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பிஸ்கட் மாறினால் காசு போகும், மருந்து மாறினால் உயிரே போகலாம்.

விளம்பர வழக்குகளில் நெடுநாள் வழிகாட்டியாக இருந்தது கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு. உஜாலா சொட்டு நீல விளம்பரம் ராபின் ப்ளூவின் பெயரைச் சொல்லாமல் அதன் பாட்டில் வடிவத்தைக் காட்டி மட்டம்தட்டியது. அதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் அதே தீர்ப்பு வகுத்த விதிகளின்படி, தன் சரக்கே உலகில் சிறந்தது என்று ஒரு வியாபாரி பொய்யாகக்கூடச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவன் சரக்கு மோசம் என்றுதான் சொல்லக்கூடாது.

இந்தத் தாராளத்தைக் கேள்விக்கு உட்படுத்தியது 2008ஆம் ஆண்டின் கோல்கேட் – ஆங்கர் வழக்கு. கால்சியம், ஃபுளூரைடு, டிரைக்ளோசான் மூன்றும் அடங்கிய 'ஒரே' பற்பசை, முழுப் பாதுகாப்புத் தரும் 'முதல்' பற்பசை என்று ஆங்கர் விளம்பரம் செய்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்தவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான வி. ராமசுப்பிரமணியன். இரு வியாபாரிகளும் ஆளுக்கொரு பொய் சொல்லிக்கொள்ள அனுமதித்தால் ஏமாறப்போவது நுகர்வோர்தான் என்பதை அவர் மையமாக வைத்தார். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் கணக்கில் எடுத்து, 'ஒரே', 'முதல்' என்ற இரு சொற்களுக்கும் தடை விதித்தார். விளம்பரம் மொத்தமாக முடக்கப்படவில்லை. உண்மையல்லாத சொற்கள் மட்டும் போயின. வியாபாரிகளின் சண்டையில் வாங்குபவருக்கும் இடம் கொடுத்த இத்தீர்ப்பு இன்னும் அதிகம் பேசப்பட வேண்டியது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு படி மேலே சென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கியது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அது அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தில் பரிந்துரைத்து நடிப்பவரும் தப்ப முடியாது. போட்டி நிறுவனம் வழக்குப் போடட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம்.