இரைப்பையும் நுரையீரலும்: ஒரு நோய்ப் பெயரின் வரலாறு

ஒரே நோயாளியின் இரைப்பையிலும் நுரையீரலிலும் ஒரே காலத்தில் நிணநீர்ப் புற்றுநோய் காணப்படுவது அரிது. 1971ஆம் ஆண்டின் ஆன் ஆர்பர் வகைப்பாடு நிணநீர்க்கணுக்களில் தோன்றும் ஹாட்ஜ்கின் நோயை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. அதன் அளவுகோலில் இத்தகைய நோயாளி நான்காம் நிலைக்கு, அதாவது இறுதி நிலைக்குத் தள்ளப்படுவார். ஆனால் இவ்வகை நோயாளிகள் பலர் நெடுங்காலம் வாழ்ந்தனர். நோய் ‘பரவியது’ என்னும் கருத்தே இங்குப் பொருந்துகிறதா என்ற வினா அதனால் எழுந்தது.

விடைக்கான முதற்குறிப்பு புற்றுநோய் ஆய்விலிருந்து வரவில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் பீனென்ஸ்டாக் குழுவினர் 1973இல் முயலின் மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள நிணநீர்த் திசுவை விவரித்தனர். அது குடலின் பேயர் திட்டுகளை ஒத்திருந்தது. ஒரு சீதச்சவ்வில் தூண்டப்பெற்ற நிணநீர்ச் செல்கள் குருதிவழிச் சென்று வேறு சீதச்சவ்வுகளிலும் குடியேறும் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. கருவளர்ச்சியில் நுரையீரல் முன்குடலிலிருந்தே அரும்புகிறது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

1983இல் பீட்டர் ஐசக்சனும் டென்னிஸ் ரைட்டும் குடற்பாதையில் தோன்றும் ஒருவகை பி-செல் நிணநீர்ப் புற்றுநோய், நிணநீர்க்கணுவைவிடச் சீதச்சவ்வுசார் நிணநீர்த் திசுவையே ஒத்துள்ளது என்று நிறுவினர். மறு ஆண்டு நுரையீரல் உள்ளிட்ட பிற உறுப்புகளுக்கும் அக்கருத்தை விரித்தனர். அதுவரை ‘போலி நிணநீர்க்கட்டி’ என்று ஒதுக்கப்பட்ட நுரையீரற் கட்டிகளுட் பல, ‘மால்ட்’ நிணநீர்ப் புற்றுநோய் என்ற புதிய பெயரின்கீழ் வந்தன.

பெயர் மாற்றம் மருத்துவத்தையும் மாற்றியது. இரைப்பை மால்ட் நோயாளிகள் 110 பேரில் 101 பேரிடம் ஹெலிகோபாக்டர் பைலோரி நுண்ணுயிரி இருப்பதை வோதர்ஸ்பூன் குழுவினர் 1991இல் காட்டினர். 1993இல் அந்நுண்ணுயிரியை ஒழித்தபின் ஆறு நோயாளிகளுள் ஐவரிடம் கட்டி மறைந்ததை அறிவித்தனர். புற்றுநோய் ஒன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்குப் பணிந்தது.

எனினும் எல்லா நோயும் பணியவில்லை. 11, 18ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறி இணைவதால் உருவாகும் மரபணு 1999இல் அடையாளம் காணப்பட்டது. அது நுரையீரல், இரைப்பை மால்ட் நோய்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. அதனையுடைய இரைப்பைக் கட்டிகள் பெரும்பாலும் அம்மருந்துக்கு இணங்குவதில்லை.

ஆகவே இரண்டு உறுப்புகளிலும் கட்டி காணப்படும்போது, இரண்டும் ஒரே செல்வழியில் தோன்றியவையா, தனித்தனியே முளைத்தவையா என்று மரபணுச் சோதனையால் ஆராய்வது இன்றியமையாதது. நிலை எண் ஒன்றே நோயாளியின் ஊழைத் தீர்மானிக்காது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.