கோவளம் கோட்டையும் தாஜ் விடுதியும்

சென்னையை அடுத்த கோவளம் கடற்கரையில் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதி 1974-இல் திறக்கப்பட்டது. பழைய டச்சுக் கோட்டையின் மதில்மேல் எழுந்தது என்பது விடுதிக்காரர்கள் சொல்லிக்கொள்ளும் பெருமை. கோட்டை இருந்தது மெய்தான். டச்சு என்பதுதான் இடிக்கிறது. அவர்கள் கோட்டை தெற்கே சதுரங்கப்பட்டினத்தில், செங்கல் மதிலும் கல்லறைகளுமாக இன்றும் நிற்கிறது.

கோவளத்தில் கடை விரித்தவர்கள் ஆஸ்டெண்ட் கும்பெனியார். இன்றைய பெல்ஜியத்திலுள்ள அந்தத் துறைமுகம் அப்போது ஆஸ்திரியப் பேரரசரின் ஆளுகையில் இருந்தது. 1722-இல் பட்டயம் பெற்ற கும்பெனிக்கு வங்காளத்தில் பாங்கிபஜார், சோழமண்டலக் கரையில் கோவளம். போட்டி பொறுக்காத ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பேரரசரை நெருக்க, 1731-இல் மூடுவிழா நடந்தது. கோவளத்துக்கு டச்சுக்காரர் செய்த கைங்கரியம் இது!

ஆஸ்டெண்டாரின் இடிபாடுகளுக்குக் கால் மைல் தொலைவில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கோட்டை கட்டினார் என்று எழுதுகிறார் 18-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம். பெயர் சதத் பந்தர். கல் மதில், வட்டக் கொத்தளங்கள், அகழி இல்லை. 1750-இல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று கரையருகே நின்று உதவி கேட்டது. மாலுமிகள் ஸ்கர்வி நோயால் சாகிறார்கள், கரையில் இடம் கொடுங்கள் என்று கெஞ்சல். எலும்பும் தோலுமாக முப்பது பேர் கோட்டைக்குள் வந்தார்கள், உடுப்புக்குள் ஆயுதத்தோடு. அன்றிரவே கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில். கோவளத்து விருந்தோம்பலின் பழைய கணக்கு இப்படி.

1752-இல் அதை மீட்க ஆங்கிலேயர் தரப்பில் ராபர்ட் கிளைவ் வந்தார். கூட வந்த ஐரோப்பியர் 200 பேரும் இங்கிலாந்தில் அள்ளிக்கொண்டுவந்த, போர் பழகாத ஆட்கள். கோட்டையிலிருந்து குண்டு பறந்ததும் ஓட்டம் பிடித்தார்கள். ஒருவனைக் கிணற்றுக்குள்ளிருந்து கண்டுபிடித்தார்களாம். கிளைவ் தானே குண்டுமழையில் நின்று காட்டி வழிக்குக் கொண்டுவந்தார். கோட்டை பணிந்தது. அந்தச் செய்தி தெரியாமல் செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படை, பதுங்கியிருந்த கிளைவிடம் மாட்டிக்கொண்டது. கையோடு செங்கல்பட்டையும் பிடித்தார்.

கோவளம் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். செங்கல்பட்டுக் கோட்டை தப்பியது, பிற்பாடு அதை ஊடறுத்து ரயில் பாதை போட்டார்கள்.

பழைய கட்டடம் விடுதியாவதிலும் வகை உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் கடியாபட்டியில் செட்டிநாட்டு வீடான சிதம்பர விலாஸ் முழு மாளிகையாக நின்றபடியே விடுதியானது. தாஜுக்கு, 222 ஆண்டு கழித்து, கிடைத்தது கொஞ்சம் மதிலும் இந்தக் கதையும்தான். அதிலும் கதையைப் பாதி விட்டுவிட்டார்கள்.