பாக்கி வைத்த ஒரு பாடம்: மெக்சிகோவின் சிமெண்டு லாரி

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் புது வீட்டுக்குத் தளம் போட்டார். பார்க்கப் போயிருந்தேன். காலை ஏழு மணிக்கு வரவேண்டிய ரெடிமிக்ஸ் லாரி பதினோரு மணிக்குத்தான் வந்தது. அதுவரை கொத்தனாரும் சித்தாட்களும் நிழல் தேடி உட்கார்ந்திருந்தார்கள், கூலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "சார், உலகத்துல எங்கேயாவது இதை ஒழுங்கா செய்யறாங்களா?" என்று கேட்டார். செய்தார்கள் என்றேன். "ஜப்பானா சார்?" என்றார். மெக்சிகோ என்றதும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்புக்கு நானும் ஒரு காரணம். லத்தீன் அமெரிக்கா என்று வந்தால் கொலம்பஸ், வெள்ளிச் சுரங்கம், வாழைத் தோட்டம், தீராத கடன் என்று இரண்டு பீரியடில் முடித்துவிடுவேன். அங்கேயும் ஒரு நிர்வாகத்தைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பாக்கியை இப்போது தீர்க்கிறேன்.

நிறுவனத்தின் பெயர் செமெக்ஸ். மெக்சிகோவின் வடக்கே, அமெரிக்க எல்லையிலிருந்து அதிக தூரமில்லாத மான்டெர்ரே நகரத்தைச் சேர்ந்தது. 1906-ல் தொடங்கிய ஒரு ஆலையும் 1920-ல் தொடங்கிய இன்னொரு ஆலையும் 1931-ல் சேர்ந்து உருவானது. ஐம்பது வருடம் உள்நாட்டிலேயே, இறக்குமதிக்குத் தடை இருந்த நிழலில் சுகமாக வளர்ந்தது. நாம் இங்கே பத்து மூட்டை சிமெண்டுக்குப் பெர்மிட் கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே வேறு விதமான சுவர்.

1982 ஆகஸ்டில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று மெக்சிகோ அரசு கையை விரித்தது. அதன் பின் கதவுகளைத் திறக்க வேண்டிய நிலை. 1986-ல் காட் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இதற்கு ஒரு வருடம் முன்புதான், 1985-ல், நிறுவனரின் பேரன் லொரென்சோ சாம்ப்ரானோ செமெக்சின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பொறியியல் படித்து, ஸ்டான்ஃபோர்டில் நிர்வாகமும் படித்தவர். ஆனால் 1968-லேயே வேலைக்குச் சேர்ந்து, பதினேழு வருடம் ஆலைகளில் பழகிய பிறகுதான் நாற்காலி கிடைத்தது.

வந்ததும் அவர் கவனித்தது தகவல். எந்த ஆலையில் என்ன நடக்கிறது என்பது தலைமை அலுவலகத்துக்குத் தெரிய நாளாகும். தொலைபேசி இணைப்போ நம் ஊர் டிரங்கால் கதைதான். அதனால் எண்பதுகளின் கடைசியிலேயே செயற்கைக்கோள் வழியாக ஆலைகளை இணைத்தார். சூளையின் நிலவரத்தை மான்டெர்ரேயிலிருந்தே கணினியில் பார்த்து, ஆலை மேலாளரைக் கேள்வி கேட்பார். மேலாளர்களுக்கு இது பிடித்திருக்காது என்று சொல்லத் தேவையில்லை. இன்ஸ்பெக்ஷன் எப்போது என்று தெரியாத பள்ளிக்கூடம் மாதிரி.

இனி லாரி விஷயம். கலந்த கான்கிரீட்டைச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் இறுகத் தொடங்கும். குவாதலஹாரா நகரத்தின் போக்குவரத்து நெரிசலில், வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கடைசி நேரத்தில் ஆர்டரை மாற்றுவார்கள். மழை வரும், சென்ட்ரிங் முடிந்திருக்காது, பணம் வந்திருக்காது. மற்ற நிறுவனங்கள் செய்தது என்ன? வாடிக்கையாளரைத் திட்டுவது, மாற்றினால் அபராதம் போடுவது.

செமெக்ஸ் தன் ஆட்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது, ஆனால் சிமெண்டு கம்பெனிகளைப் பார்க்க அல்ல. ஹூஸ்டன் நகரத்தின் 911 அவசர அழைப்பு மையத்தையும் மெம்ஃபிசில் இருக்கும் ஃபெட்எக்ஸ் கூரியர் நிறுவனத்தையும் பார்க்க. யாருக்கு எப்போது மாரடைப்பு வரும் என்று 911-க்குத் தெரியாது. ஆனால் நகரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு வரும், எந்தப் பகுதியிலிருந்து வரும் என்பது ஓரளவு தெரியும். அதை வைத்து ஆம்புலன்ஸ்களைப் பரவலாக நிறுத்தி வைக்கிறார்கள். இதைப் பார்த்த மெக்சிகோக்காரர்களுக்குப் பொறி தட்டியது. ஆர்டர் மாறத்தான் செய்யும், மாறும் என்பதையே கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு லாரியிலும் இருப்பிடம் காட்டும் கருவி வைத்தார்கள். ஆலைக்கொரு லாரி என்பதை மாற்றி, நகரம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும் லாரிகளில் பக்கத்தில் இருப்பதை அனுப்பினார்கள். மூன்று மணி நேரம் முன்பின் ஆகும் என்று இருந்த வாக்கு இருபது நிமிடமாகச் சுருங்கியது. அதற்கு மேல் தாமதமானால் விலையில் தள்ளுபடி. எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. ஓட்டுநர்களில் பலர் ஆறாம் வகுப்போடு நின்றவர்கள். அவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். சரக்கை இறக்கிவிட்டுப் போகிறவராக இல்லாமல், வாடிக்கையாளரிடம் பேசி முடிவெடுக்கிறவராக ஓட்டுநர் ஆக வேண்டும் என்பது திட்டம்.

அடுத்தது வெளிநாடு. ஹோல்டர்பேங்க் என்ற சுவிட்சர்லாந்துப் பெருநிறுவனம் ஏற்கெனவே மெக்சிகோவில் காலூன்றியிருந்தது. விழுங்கப்படுவதற்கு முன் பெரிதாக வேண்டும் என்று 1987-லும் 1989-லும் இரண்டு உள்நாட்டுப் போட்டியாளர்களை சாம்ப்ரானோ வாங்கினார். உள்நாட்டுச் சந்தையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வந்தது. இதன் பாரத்தைச் சுமந்தது சாதாரண மெக்சிகோ மக்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிமெண்டு விலை அங்கே அதிகம் என்ற குற்றச்சாட்டு இந்த நிறுவனத்தை விடாமல் துரத்தியது. 1990-ல் அமெரிக்கா தன் பங்குக்கு மெக்சிகோ சிமெண்டின் மேல் சுமார் 58 சதவீதத் தண்டனை வரி போட்டது.

1992-ல் ஸ்பெயினின் இரண்டு பெரிய சிமெண்டு நிறுவனங்களை, வாலென்சியானா, சான்சோன் இரண்டையும், ஏறக்குறைய 180 கோடி டாலருக்கு செமெக்ஸ் வாங்கியது. முந்நூறு வருடம் தங்களை ஆண்ட நாட்டில் போய் ஆலை வாங்கியதைப் பெருமையாகப் பேசியவர்கள் உண்டு. பங்குச் சந்தைக்குப் பெருமை புரியவில்லை, பங்கு விலை சரிந்தது. ஆனால் கணக்கு வேறு. மெக்சிகோ நிறுவனம் என்றால் வங்கிகள் வட்டியைக் கூட்டும், ஸ்பெயின் நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் குறைவு. ஒரு நாட்டில் கட்டட வேலை படுத்தாலும் இன்னொரு நாட்டில் நடக்கும். இரண்டே வருடத்தில், 1994 டிசம்பரில், மெக்சிகோவின் பெசோ சரிந்து சில மாதங்களில் பாதி மதிப்பை இழந்தது. அப்போது செமெக்சைத் தாங்கியது ஸ்பெயினிலிருந்து வந்த பணம்தான்.

அந்தச் சரிவில் இன்னொன்றும் தெரிந்தது. பெரிய ஒப்பந்தக்காரர்கள் வாங்குவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தங்கள் வீட்டைத் தாங்களே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டும் ஏழைகள் வாங்குவது அவ்வளவு குறையவில்லை. யார் இவர்கள் என்று பார்க்க, ஒரு குழு குவாதலஹாராவின் ஏழைக் குடியிருப்புகளுக்குப் போனது. 'எங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று எழுதி வைத்துக்கொண்டே போனார்களாம்! ஒரு அறை கட்ட நான்கு வருடம், நான்கு அறை வீட்டுக்குப் பதின்மூன்று வருடம் ஆவதைக் கண்டார்கள். பெண்கள் 'தாந்தா' என்று ஒன்று நடத்தினார்கள். நம் குலுக்கல் சீட்டேதான், துளியும் வித்தியாசமில்லை. ஆனால் சீட்டு எடுத்த பணம் வீட்டுக்குப் போவதற்குள் பள்ளிக் கட்டணம், வைத்தியம், விசேஷம் என்று கரைந்துவிடும். நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?

1998-ல் 'பாத்ரிமோனியோ ஓய்' என்ற திட்டம் வந்தது. 'இன்றே சொத்து' என்று சொல்லலாம். மூன்று பேர் சேர்ந்து ஒரு குழு, எழுபது வாரம் கட்ட வேண்டும், கையில் பணம் வராது, கட்டடப் பொருளாக வரும். எழுபது வாரமும் விலை மாறாது. எங்கே அறை, எங்கே ஜன்னல் என்று சொல்ல ஒரு கட்டடக் கலைஞரும் உண்டு. வாரா வாரம் ஒரு சிறு தொகை கட்டணமாகப் பிடிப்பார்கள். இது தர்மமா வியாபாரமா என்று கேட்டால், வியாபாரம்தான். அந்தப் பெண்களுக்கு அறை சீக்கிரம் எழும்பியது என்பதும் உண்மை.

இவ்வளவு தெரிந்த நிறுவனம் எங்கே சறுக்கியது? 2007-ல் ரிங்கர் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தை 1,400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது, பெரும்பகுதி கடன். பெயருக்குத்தான் ஆஸ்திரேலியா. வியாபாரத்தின் பெரும்பங்கு அமெரிக்காவில், அதிலும் புளோரிடா, அரிசோனா மாநிலங்களில். அமெரிக்க வீட்டுச் சந்தை வெடித்தபோது முதலில் சரிந்த இடங்களில் இவை இரண்டும் இருந்தன. பல நாடுகளில் கால் வைத்தால் ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும் என்றுதானே 1992-ல் கிளம்பினார்கள்? பதினைந்து வருடம் கழித்து அதையே மறந்து எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்தார்கள். அன்று பெரிதானது பிழைப்பதற்காக, இந்த முறை பெரிதானது பெரிதாக வேண்டும் என்பதற்காகவே என்று எனக்குத் தோன்றுகிறது. லாரி எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி இதைக் காட்டாது.

2008-ல் வெனிசுவேலா அரசு அங்கிருந்த ஆலைகளை எடுத்துக்கொண்டது. 2009-ல் 1,500 கோடி டாலர் அளவுக்குக் கடன்காரர்களிடம் தவணை கேட்டு நிற்க வேண்டி வந்தது. அதே வருடம் ஆஸ்திரேலியச் சொத்துக்களை விற்றார்கள். வாங்கியது யார் தெரியுமா? ஹோல்சிம். எந்த ஹோல்டர்பேங்க் விழுங்கிவிடும் என்று பயந்தார்களோ, அதன் புதிய பெயர். கோவைப் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இது அந்நியப் பெயர் இல்லை. மதுக்கரை ஏசிசி ஆலையும் 2022-ல் அதானி குழுமத்துக்குப் போகும்வரை ஹோல்சிம் கையில்தான் இருந்தது.

சாம்ப்ரானோ பதவியில் இருக்கும்போதே 2014 மே மாதம் மாட்ரிட் நகரத்தில் காலமானார். அந்தக் கடன் நெருக்கடியில் இழந்த தர மதிப்பீட்டை செமெக்ஸ் திரும்பப் பெற்றது 2024-ல்தான்.

கட்டடத் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். இங்கே லாரி ஏன் நான்கு மணி நேரம் தாமதமாகிறது என்று கீழே எழுதுங்கள். தளம் போட்ட அந்த மாணவரும் காத்திருக்கிறார்.