கொட்டியாரத்தில் நட வந்த பாய்மரம்

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில், 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பிழைத்துக்கொள்ளத் தன் நடுப்பாய்மரத்தையே வெட்டிச் சாய்த்தது. நடுமரம் போனால் பெரும்பாயைத் தாங்கும் பருமலுக்குப் பிடிப்பில்லை. காற்றின் போக்கறிந்து அதைத் திருப்பிக் கட்டும் கயிறுகளுக்கும் வேலையில்லை. மிஞ்சிய பாய்களோடு பக்கத்துத் துறைக்குத் தட்டுத்தடுமாறிப் போகலாம், இங்கிலாந்துக்குப் போக முடியாது. புது மரம் நடுவதற்குச் சென்னைக் கோட்டையின் அதிகாரி தேர்ந்த இடம் திருகோணமலைக்குத் தெற்கே, மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடா. மரம் நடும் நாட்களில் வியாபாரமும் நடக்கட்டும் என்று துணிகளும் பரங்கிப்பேட்டை வணிகர்களும் கப்பலில் ஏறினார்கள். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்சிக்குட்பட்ட அந்தத் துறையில் கப்பல் தலைவரும் அவர் மகன் ராபர்ட் நாக்ஸும் 1660இல் சிறைப்பட்டனர். மகன் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் கழித்து, 1681இல் வெளியிட்ட நூலால்தான் அந்த அரசை இன்று இவ்வளவு நெருக்கமாக அறிகிறோம்.

கண்டி என்றால் கடலுக்கு முதுகு காட்டிய மலையரசு என்ற எண்ணம் பலருக்கு உண்டு. இந்தக் கதை அதற்கு நேர் எதிரானதைச் சொல்வதாகவே நான் படிக்கிறேன். கண்டியை வளைத்தோடும் மகாவலி கங்கை கடல் சேருவது இதே கொட்டியாரத்தில்தான். கப்பல் வந்து மூன்று வாரமளவில் செய்தி அரசனை எட்டியது, அவனுடைய மாகாண அதிகாரியான திசாவை படையோடு வந்து இறங்கினான். துறையைக் கவனியாத அரசால் இது ஆகுமா? வந்தவர்களைப் பிடித்து அடைத்ததே கடல்மீதிருந்த அச்சத்துக்குச் சான்று என்று சிலர் சொல்லலாம். அச்சம் இருந்திருக்கும், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அடுத்தடுத்துக் கரையைப் பிடித்த காலம் அது. ஆனால் அஞ்சுவதும் அறியாதிருப்பதும் ஒன்றல்ல. சொந்தக் கப்பற்படை இல்லையே என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மைதான். அதனால்தான் கண்டியார் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தார்கள். 1753இல் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) பௌத்தத் துறவி உபாலி தேரர் வந்ததும் ஒல்லாந்தக் கப்பலில்தான். பிறர் பாயைத் தன் தேவைக்கு விரிக்கச் செய்வதும் கடல் அரசியலே. 1766 உடன்படிக்கையில் கரை முழுவதையும் ஒல்லாந்தர் எடுத்துக்கொண்ட பிறகுதான் கண்டி கடலற்ற நாடானது; அந்தப் பிந்திய நிலையைத்தான் முந்திய நூற்றாண்டின்மேலும் ஏற்றிவிடுகிறோம். மலைக்கும் கடலுக்கும் வழி இருந்ததற்கு நாக்ஸ் தப்பிய விதத்தையும் பாருங்கள்: ஊர் ஊராகச் சரக்கு விற்றுப் பழகிய பாதையில் வடக்கே நடந்து, அநுராதபுரம் கடந்து, அருவியாற்றின் கரையோடே போய், 1679இல் கடற்கரையிலிருந்த ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார்.