வன்னித் தமிழ்: உறவும் வகைப்பாடும்

வன்னித் தமிழ் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் ஊர்களில் வழங்கும் பேச்சுத் தமிழ். யாழ்ப்பாணத் தமிழுக்கு மிக நெருங்கியது. ஈழத்து வடபுலப் பேச்சை முதன்முதலாகக் கேட்கும் தமிழ்நாட்டார் பலர், "மலையாளம் மாதிரி இருக்கிறதே" என்பார்கள். காதுக்கு அப்படிப் படுவது உண்மை. ஆனால் காதுக்குப் படும் ஒப்புமை வேறு, மொழிகளின் உறவு வேறு.

தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816 இல் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856 இல் கால்டுவெல் அதை விரித்து எழுதினார். மலையாளம் தமிழிலிருந்து கிளைத்தது என்பது கால்டுவெல்லின் முடிவு. இரண்டும் ஒரே பழைய நிலையிலிருந்து பிரிந்த உடன்பிறப்புகள் என்பது பின்வந்தோர் பலரின் கருத்து.

ஐரோப்பாவிலும் இதற்கு இணையான வழக்கு ஒன்று நடந்தது. லித்துவேனியம், லாத்வியம் முதலிய பால்டிக் மொழிகளும் ரஷ்யம், போலிஷ், செக் முதலிய சிலாவிய மொழிகளும் ஒரே கிளையா? ஆம் என்றார் மொழியியலாளர் ஷ்லைகர், 1861 இல். தனித்தனியே ஒரே போக்கில் வளர்ந்தவை என்றார் மெய்யே, 1908 இல். இந்த வழக்கில் செல்லும் சான்று எது என்பதே முக்கியம். இரண்டும் சேர்ந்து கட்டிக்காத்த பழமை எதையும் நிறுவாது; தூரத்து உறவுகளும் அதே பழமையைக் காத்திருக்கலாம். இரண்டும் சேர்ந்து உண்டாக்கிய புதுமையே உறவைக் காட்டும். கையை லித்துவேனியர் 'ரங்கா' என்பர், ரஷ்யர் 'ருகா' என்பர். 'சேர்த்தெடுப்பது' என்ற பொருளில் பிறந்த இந்தச் சொல் மற்ற இந்தோ-ஐரோப்பியக் கிளைகளில் கைக்கு வழங்கவில்லை. இத்தகைய சான்றுகள் பல சேர்ந்ததால் இன்று பெரும்பாலோர் ஒரே கிளை என்றே கொள்கின்றனர்.

அதே உரைகல்லில் வன்னிப் பேச்சை உரசிப் பார்க்கலாம். முள்ளியவளையில் ஒரு வீட்டு முற்றத்தில் அம்மம்மா பேரனிடம், "உதை இஞ்ச கொண்டு வா" என்கிறார். 'உது' பேரனின் காலடியில் கிடக்கும் சுளகு. தன் பக்கத்தில் இருந்தால் 'இது' என்றிருப்பார், வேலிக்கரையில் கிடந்தால் 'அது' என்றிருப்பார். தமிழ்நாட்டுப் பேச்சு கைவிட்ட இந்த மூன்றாம் சுட்டைத் தொல்காப்பியம் அ, இ என்பவற்றோடு சேர்த்தே எண்ணுகிறது. பழங்கன்னடத்திலும் அதன் தடம் உண்டு. வடக்கே வழங்கும் திராவிட மொழியான குருக்கிலும் உண்டு. ஆகவே இது வீட்டுப் பழஞ்சொத்து.

'ற்ற' ஒலியும் அப்படித்தான். 'காற்று' என்பதன் ஒலியை வன்னியார் நுனிநாவைப் பல்லுக்குச் சற்று மேலே அழுத்திச் சொல்வார்கள், மலையாளிகளைப் போல. மண்ணெண்ணெய்க் கடையில் 'லீற்றர்' என்று எழுதுவதும் அந்த நாக்கின் எழுத்துத்தான். "வாறியளோ?" என்பதன் ஓகார வினா மலையாளத்திலும் கேட்கும், பழந்தமிழிலும் உண்டு. எல்லாம் காத்தவை, ஒன்றும் கூட்டாகப் படைத்தது அல்ல.

மலையாளம் படைத்த புதுமைகளோ வன்னியை எட்டவில்லை. அங்கே நானும் அவனும் நாங்களும் 'வந்நு'. இங்கே நான் 'வந்தனான்', அவன் 'வந்தவன்', நாங்கள் 'வந்தனாங்கள்'; ஆளுக்கு ஆள் வினைமுற்று மாறுகிறது. அங்கே 'மாங்ங', இங்கே 'மாங்காய்'. வன்னித் தமிழ் ஐயமின்றித் தமிழின் பக்கமே நிற்கிறது.

யாழ்ப்பாணத் தமிழின் பழமைக் கூறுகளை மொழியியலாளர் குய்ப்பர் 1962 இல் ஆராய்ந்தார். 1966 இல் ஈழத் தமிழின் இயல்புகளை எழுதிய கமில் சுவெலபில் செக் நாட்டவர். சிலாவிய மொழி ஒன்றைத் தாய்மொழியாகக் கொண்டவர். சுசீந்திரராசா யாழ்ப்பாணத் தமிழை உள்ளிருந்தே ஆராய்ந்தார். வன்னிப் பேச்சோ பெரும்பாலும் யாழ்ப்பாணத்தின் நிழலிலேயே ஆராயப்பட்டது. அதற்கென்று தனிச் சொற்றொகையும் ஒலிப்பதிவும் வேண்டும். பழைய குளத்தடி ஊர்களின் முதியவர்கள் இருக்கும்போதே வேண்டும்.

அயலில் வழங்கும் சிங்களம் வேறு குடும்பம்; இந்தோ-ஐரோப்பிய மொழியாதலால் லித்துவேனியத்துக்குத் தூரத்து உறவு. 1990 இல் நின்று 2013 இல் கிளிநொச்சிக்குத் திரும்பிய ரயில் வண்டியைச் சிங்களத்தில் 'தும்ரிய' என்பர். 'தும' புகை, 'ரிய' தேர். லித்துவேனியத்தில் புகை 'தூமை', சக்கரம் 'ராத்தஸ்'. ரஷ்யத்தில் புகை 'தீம்'. நாம் சொல்லும் 'புகையிரதம்' அதே கட்டுமானம்தான். ஆனால் 'புகை' நம்முடையது. 'இரதம்' வடமொழியிலிருந்து வாங்கியது.

1872 இல் யோகான்னஸ் ஷ்மித், மொழிமாற்றம் மரக்கிளைபோல் பிரிவது மட்டுமல்ல, அலைபோல் அயலுக்குப் பரவுவதுமாகும் என்றார். வன்னிக்கு அந்தப் பார்வை கட்டாயம் தேவை. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி யாழ்ப்பாணத்தார் வந்தனர். 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத் தமிழர் வந்தனர். 1995 இடப்பெயர்வில் குடாநாட்டு மக்கள் பெருந்தொகையாக வந்தனர். மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தில் பாட்டி "வர்றேன்" என்பார். கிளிநொச்சியில் பிறந்த பேத்தி அதே வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போட்டு வாறன்" என்பாள்.